இறுவட்டில் அமுங்கிப்போன குரல்களை உயர்த்துவது எப்படி?

க.பொ.த. உயர்தரம், பௌதிக விஞ்ஞானப் பிரிவு மாணவி

மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம், புதுக்குடியிருப்பு, தலைமன்னார் ஆகிய ஊர்களிலும், கரையோரமாக முசலிப் பக்கத்திலும், பல வீடுகளின் அலுமாரிகளில் பழைய இறுவட்டுகள் சில கிடக்கும். கலியாண வீடு, பெயர் சூட்டிய வைபவம், ஹஜ்ஜுக்குப் போனவரை வழியனுப்பிய நாள் என்று ஒவ்வொன்றிலும் ஏதோ எழுதியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை இந்த ஊர்களில் எடுக்கப்பட்டவை அல்ல. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் எடுக்கப்பட்டவை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து போன நம் மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். எடுத்துச் செல்ல விடப்பட்டது மிகச் சொற்பம். அந்த நேரத்தில் அல்பத்தைத் தேடி எடுத்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதனால்தான் நம்மில் பல குடும்பங்களிடம் உள்ள மிகப் பழைய குரல் பதிவு, இடம்பெயர்ந்த காலத்துக் கலியாண வீட்டு விசிடி ஒன்றாகவோ டிவிடி ஒன்றாகவோ இருக்கிறது.

இப்போது வீடுகளில் டிவிடி பிளேயர் இல்லை. புதிய மடிகணினிகளில் இறுவட்டுப் போடும் வாயும் இல்லை. எனவே பலரும் இவற்றைக் கணினிக் கோப்பாக மாற்றிப் பென்டிரைவிலும் கைபேசியிலும் வைத்துக்கொள்ள முயல்கிறார்கள். மாற்றி முடித்துப் பார்த்தால் படம் வருகிறது, பேச்சு கேட்பதில்லை. வொலியூமை முழுக்கக் கூட்டினாலும் பாட்டும் பாத்திரச் சத்தமும்தான் காதை அடைக்கின்றன. இதற்கு என்ன காரணம், வீட்டிலேயே என்ன செய்யலாம் என்பதை எங்கள் வீட்டு இறுவட்டு ஒன்றைத் திருத்திய அனுபவத்தோடு இங்கே எழுதுகிறேன்.

எங்கள் இறுவட்டு 2005இல் புத்தளத்தில் நடந்த மாமியின் கலியாணம். அதில் உம்மும்மாவின் மூத்த நானா மாப்பிள்ளை வீட்டாரிடம் சுமார் நான்கு நிமிடம் பேசுகிறார். ஊரில் பள்ளிவாசலடியிலிருந்து கடற்கரை வரைக்கும் எங்கள் ஒழுங்கையில் யார் யார் வீடு எந்த வரிசையில் இருந்தது, எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எந்த வேலியோடு எந்த வளவு முடிகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். 2009க்குப் பிறகு நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். அவர் அதற்கு முன்னரே வஃபாத்தாகிவிட்டார். அவர் சொன்ன வீடுகளில் பாதிக்கு இன்று அத்திவாரம்கூட இல்லை. ஆகவே எங்களுக்கு வேண்டியிருந்தது சத்தம் அல்ல, சொல். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பின்னால் விளங்கும்.

சத்தத்தில் கை வைப்பதற்கு முன் இறுவட்டைக் கொப்பி எடுத்துவிட வேண்டும். கலியாண வீட்டு இறுவட்டுகள் கடையில் வாங்கும் படங்களைப் போல அச்சிட்டவை அல்ல. எழுதக்கூடிய வெற்று இறுவட்டில், சேதனச் சாயப் படை ஒன்றை லேசர் ஒளியால் சுட்டுப் பதிந்தவை. வெயிலும் சூடும் ஈரமும் அந்தச் சாயத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும். விசிடியில் இன்னொரு பலவீனமும் உண்டு. ஒளியைத் தெறிக்கச் செய்யும் உலோகப் படை, பெயர் எழுதும் மேல் பக்கத்தில் மெல்லிய வார்னிசுக்கு அடியிலேயே இருக்கிறது. எல்லோரும் பளபளக்கும் கீழ்ப் பக்கத்தைத்தான் கவனமாகப் பிடிப்பார்கள். உண்மையில் மேல் பக்கத்தில் போல்பொயின்ட் பேனையால் அழுத்தி எழுதுவதுதான் கூடுதலான சேதம். அந்த வார்னிசு கீறுப்பட்டால் நம் ஊர் உப்புக் காற்றுக்கு அது திறந்த கதவு. டிவிடியில் பதிவுப் படை இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் அது சற்றுத் தப்பிப் பிழைக்கும்.

வீட்டில் இரண்டு வகையும் இருந்தால் விசிடியை முதலில் எடுங்கள். தரவைச் சேமிக்கும் இறுவட்டில் பிழை திருத்துவதற்கென்று மேலதிகமாக ஒதுக்கும் இடத்தை, விசிடியில் அதிக நேரம் படம் கொள்வதற்காகக் கொடுத்துவிட்டார்கள். அதனால் சிறு கீறலிலேயே அது தடுமாறும். மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியோரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினால் போதும். ஊருக்குள் ஒரு டிரைவ் பத்து வீடு சுற்றலாம். டிவிடியில் ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறையை முழுதாகவும், விசிடியில் ‘எம்பெக் ஏவி’ கோப்புறைக்குள் இருக்கும் பெரிய கோப்பையும் கணினிக்கு இழுத்துப் போடுங்கள். ஒரு டிரைவ் வாசிக்க மறுத்தால் வேறொன்றில் போட்டுப் பாருங்கள். ஒன்று கைவிட்ட இறுவட்டை இன்னொன்று வாசிப்பது உண்டு. இந்தக் கொப்பியை அப்படியே தனியாக வைத்துவிட்டு, அதிலிருந்து எடுத்த இன்னொரு கொப்பியில்தான் வேலை செய்ய வேண்டும்.

இனி சத்தம் ஏன் குறைகிறது என்று பார்ப்போம். காரணம் ஒன்றல்ல. காரணம் தெரியாமல் வொலியூமை மட்டும் கூட்டுவது, என்ன காய்ச்சல் என்று பாராமல் பனடோல் குடிப்பதைப் போன்றது.

கடையில் வாங்கிய சினிமா டிவிடி என்றால் காரணம் பெரும்பாலும் அதன் ஒலி அமைப்பிலேயே இருக்கும். அவற்றில் 5.1 என்ற முறையில் ஆறு வழிகளில் ஒலி பதியப்பட்டிருக்கும். நடிகர்களின் பேச்சு பெரும்பாலும் நடு வழியிலேதான் வரும். அதைக் கைபேசிக்கு ஏற்ற இரண்டு வழிகளாக மடிக்கும்போது, எல்லா வழிகளும் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக மாற்றும் மென்பொருள் எல்லாவற்றையும் குறைத்துவிடும். அதில் முதலில் அடிபடுவது பேச்சு. மேலும் டிவிடி பிளேயர்கள் மெல்லிய சத்தத்தை உயர்த்தி வெடிச் சத்தத்தைத் தாழ்த்தும் வேலையைத் தாமாகவே செய்துவிடுவதுண்டு. கணினியில் மாற்றும்போது அந்த வேலை நடக்காமல் போகலாம். டிவியில் நன்றாகக் கேட்ட படம் கணினியில் முணுமுணுப்பதற்கு இதுதான் காரணம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளின் ஓடியோப் பகுதியில் ‘டிஆர்சி’ என்ற கட்டுப்பாடு இதற்காகவே இருக்கிறது. அதைச் சற்றுக் கூட்டினால் போதும். சினிமா நம் விடயம் அல்ல, அதனால் இதை இத்தோடு விடுகிறேன்.

வீட்டுப் பதிவுகளில் காரணம் வேறு. கமராக்காரர் படத்துக்காகத் தூரத்தில் நிற்பார். ஒலிவாங்கி கமராவிலேயே இருக்கும். நமது பௌதிகவியலில் அலைகள் அலகில் படிக்கும் கணக்கு ஒன்று இங்கே உதவும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஒலி மட்டம் ஏறக்குறைய 6 டெசிபெல் குறையும். அரை மீற்றரில் இருக்க வேண்டிய ஒலிவாங்கி நான்கு மீற்றரில் இருந்தால் தூரம் எட்டு மடங்கு, அதாவது மூன்று தடவை இரட்டிப்பு. மொத்தம் 18 டெசிபெல் இழப்பு. பேசுபவரின் குரல் இப்படி 18 டெசிபெல் விழுந்துவிட, கமராவுக்குப் பக்கத்தில் பிளேட் அடுக்குபவரின் சத்தம் விழாமல் அப்படியே நிற்கிறது.

இழந்த 18ஐத் திருப்பிக் கூட்டிவிட்டால் சரிதானே என்று தோன்றும். ஹேண்ட்பிரேக்கில் ‘கெயின்’ என்ற பெட்டியில் 18 என்று போட்டால் அது கூட்டியும் தரும். ஆனால் இலக்கமுறை ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அந்தக் கூரையைப் பூச்சியம் டெசிபெல் என்பார்கள், எல்லாப் பதிவும் அதற்குக் கீழே மறை எண்களில்தான் இருக்கும். கூரையைத் தாண்டும் அலையின் முடி வெட்டப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்போதுதான் அந்தக் கரகரப்பு வருகிறது. வெட்டப்பட்ட முடியைப் பின்னர் வொலியூமைக் குறைத்தாலும் மீட்க முடியாது. மூலக் கொப்பியைத் தனியாக வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிலர் ‘நோமலைஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு, ஒரு மாற்றமும் இல்லையே என்பார்கள். எங்கள் இறுவட்டிலும் இதுவே நடந்தது. காரணம் வேடிக்கையானது. நிக்காஹ் ஆரம்பிக்கும் முன் யாரோ ஒருவர் மைக்கை ‘டொக் டொக்’ என்று தட்டி, “ஹலோ, ஹலோ” என்று பார்த்திருக்கிறார். அந்தத் தட்டு கிட்டத்தட்டக் கூரையைத் தொட்டு மறை 1 டெசிபெலில் நிற்கிறது. உம்மும்மாவின் நானாவுடைய பேச்சு மறை 25இல் கிடக்கிறது. நோமலைஸ் என்பது முழுக் கோப்பிலும் மிக உயர்ந்த இடத்தைப் பார்த்து, அது கூரையைத் தொடும்வரை எல்லாவற்றையும் சமமாக உயர்த்தும் கட்டளை. மிக உயர்ந்த இடத்துக்கும் கூரைக்கும் இடையே 1 டெசிபெல்தான் மிச்சம். ஆகவே நான்கு நிமிடப் பேச்சும் 1 டெசிபெல்தான் உயர்ந்தது. ஒரே ஒரு தட்டு ஒரு மனிதரின் முழுப் பேச்சையும் அமுக்கி வைத்திருந்தது.

ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒலியைத் திறந்தால் அது மலைத்தொடர் போலத் திரையில் தெரியும். தட்டும் வெடியும் பனைமரம் போலத் தனித்து நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து ‘அம்ப்ளிஃபை’ கட்டளையில் மறை 15 அல்லது மறை 20 கொடுத்துத் தாழ்த்திவிடுங்கள். அதன் பிறகு முழுவதையும் உயர்த்தினால் இடம் தாராளமாக இருக்கும். இடையிடையே சிறு சிறு முட்டல்கள் நிறைய இருந்தால் ‘லிமிட்டர்’ அல்லது ‘கொம்பிரசர்’ அதைத் தானாகச் செய்யும். கொம்பிரசரை அளவோடு பாவிக்க வேண்டும். கூட்டினால் பேச்சுக்கு நடுவே உள்ள மௌனங்களெல்லாம் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும்.

கடைசியாக எவ்வளவு உயர்த்துவது? காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பை அளக்க லஃப்ஸ் என்ற அலகு இருக்கிறது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இல் தங்கள் நிகழ்ச்சிகளுக்கு மறை 23 லஃப்ஸ் என்று ஒரு மட்டம் வகுத்தார்கள். ஓடாசிட்டியின் ‘லௌட்னஸ் நோமலைசேஷன்’ இந்த அளவிலேதான் வேலை செய்கிறது. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கிக்கு மறை 23 போதாது. நான் மறை 16 வைத்தேன். அது எங்கள் வீட்டுக்குச் சரியாக இருந்தது.

இன்னொரு வகைக் கோளாறு, பழைய வீடியோ கசெட்டிலிருந்து பிறகு இறுவட்டுக்கு மாற்றிய பதிவுகளில் வரும். கமராவில் ஒரே ஒலி வழிதான் இருந்திருக்கும். மாற்றியவர் வெள்ளை வயரை மட்டும் செருகியிருப்பார், சிவப்பு வயர் சும்மா தொங்கியிருக்கும். இயர்போன் போட்டுக் கேட்டால் இடக்காதில் மட்டும் பேச்சு வரும். இதற்கு உயர்த்தவே தேவையில்லை, இடப்பக்கத்தை வலப்பக்கத்துக்கும் கொப்பி பண்ணினால் முடிந்தது. இதைவிட விசித்திரமானது ஒன்று உண்டு. இயர்போனில் நன்றாகக் கேட்கும் பேச்சு, கைபேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் போட்டவுடன் மறைந்துவிடும். இடது அலையும் வலது அலையும் தலைகீழாகப் பதிவாகியிருப்பதுதான் காரணம். இரண்டும் சேரும்போது முடியும் தாழியும் ஒன்றையொன்று அழித்துவிடும். தலையீடு என்று வகுப்பில் படம் கீறிப் படித்த அதே விடயம். ஒரு பக்கத்தை மட்டும் தெரிவுசெய்து ‘இன்வேர்ட்’ கொடுத்தால் குரல் திரும்பி வரும். நான் இதைத் தோழி ஒருத்தியின் வீட்டு விசிடியில் செய்து காட்டியபோது அவளுடைய வாப்பா, “மந்திரிச்சியா புள்ள?” என்று கேட்டார்.

சத்தத்தை உயர்த்தும்போது இரைச்சலும் அதே அளவு உயரும். நம் பக்கத்துப் பதிவுகளில் முக்கியமான இரைச்சல்கள் இரண்டு, காற்றும் ஜெனரேட்டரும். சோழகக் காற்று வீசும் மாதங்களில் வெளியில் எடுத்த எந்தப் படத்திலும் ‘பூம் பூம்’ என்று ஒரு முழக்கம் இருக்கும். தீவின் தென்கரையில் தம்பபவனி மின்நிலையத்தின் 30 காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்று, ஒரு சின்ன ஒலிவாங்கியைச் சும்மா விடுமா? நல்லவேளையாக அந்த முழக்கத்தின் பெரும்பகுதி மிகத் தாழ்ந்த மீடிறனில் இருக்கிறது. ஆண் குரல் ஏறக்குறைய 85 ஹேர்ட்ஸிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. எனவே ‘ஹை பாஸ்’ வடியில் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் கழித்துவிட்டால் குரலுக்குச் சேதமில்லை. இதை உயர்த்துவதற்கு முன்னரே செய்ய வேண்டும். ஏனென்றால் காற்றின் முழக்கமும் மைக் தட்டலைப் போலக் கூரையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

ஜெனரேட்டர் இரைச்சலுக்கு ‘நொய்ஸ் ரிடக்‌ஷன்’ இருக்கிறது. யாரும் பேசாத ஓரிரண்டு விநாடியைத் தெரிவுசெய்து, இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். பிறகு முழுவதிலும் அதைக் குறைக்கச் சொல்லலாம். 6 முதல் 12 டெசிபெல் வரை குறைத்தால் போதும். அதற்கு மேல் போனால் பேசுபவர் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும். இரைச்சலை ஒரு துளியும் விடாமல் துடைத்தெடுப்பதில் எனக்கு விருப்பமும் இல்லை. அன்று மின்சாரம் இல்லாத இடத்தில் ஜெனரேட்டர் பிடித்துக் கலியாணம் செய்தார்கள் என்பதும் அந்தப் பதிவில் இருக்கிற ஒரு செய்திதான்.

இவ்வளவும் செய்த பிறகு நான் கேட்டேன், தெளிவாக இருந்தது. உம்மும்மாவுக்குப் போட்டுக் காட்டினால், “சத்தம் வருது, என்ன சொல்றார் எண்டுதான் விளங்கல்ல” என்றார். வயது போகப் போக மனிதக் காது முதலில் இழப்பது உயர்ந்த மீடிறன்களை. உயிரோசைகளின் பலம் தாழ்ந்த மீடிறன்களில் இருக்கிறது, அது கேட்கும். ச, ஸ, ஷ, த, ஃப போன்ற மெய்யோசைகளின் அடையாளம் உயரத்தில் இருக்கிறது, அது தேய்ந்துவிடும். உயிர் கேட்டு மெய் கேட்காவிட்டால் சொல் எப்படி விளங்கும்? வயதானவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டக் கூட்ட எரிச்சல் வருகிறதே தவிரப் பேச்சு விளங்குவதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். இதற்கு ‘ஈக்வலைசர்’ கட்டளையில் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டும் 4 டெசிபெல் அளவு உயர்த்தி, மொத்த வொலியூமைக் கொஞ்சம் குறைத்தேன். இளையவர்களுக்கு அந்தக் கோப்பு சற்றுக் கீச்சென்று இருக்கும். உம்மும்மாவுக்கு, “மூணாவது வீடு சாச்சியிட” என்று தன் நானா சொல்லும் முன்பே தானும் சேர்ந்து சொல்ல முடிந்தது. எனவே வீட்டுக்கு ஒரு கோப்பு என்று நினைக்க வேண்டாம். மூத்தவர்களுக்கென்று தனியாக ஒன்று செய்வதற்குப் பத்து நிமிடமும் போகாது.

அப்படிக் கேட்கும்போது பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனையும் வைத்திருங்கள். யார் பேசுகிறார், எந்த ஆண்டு, பின்னால் நிற்பவர் யார் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் நான்கு நிமிடத்தில் பதினேழு வீட்டுப் பெயர்கள் எழுதினோம். இரண்டு இடங்களில் பிளேட் விழுந்த சத்தம் பேச்சின் மேலேயே விழுந்திருக்கிறது. எந்த மென்பொருளும் அதைப் பிரித்துத் தரவில்லை. உம்மும்மாவும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த இரண்டு இடத்திலும் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறோம்.

கோப்புகளைச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடியும் சுருக்கப்பட்டுத்தான் போகும். ‘டொக்கியுமென்ட்’ ஆகத் தெரிவுசெய்து அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். சத்தம் உயர்த்திய கோப்போடு உயர்த்தாத மூலக் கொப்பியையும் ஒரு பென்டிரைவில் போட்டு, புத்தளத்திலோ கொழும்பிலோ இருக்கிற ஒரு வீட்டில் கொடுத்து வைப்பது நல்லது. எங்களுடையது புத்தளத்தில், அந்தக் கலியாணப் பெண்ணான மாமியிடம் இருக்கிறது.